விதைப்புக் காணிக்கை பற்றி தேவராஜுக்கு

அன்புள்ள தேவராஜ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே வந்தது. இங்கே மஞ்சள் வேக வைக்கிற நேரம், அதனால்தான் பதில் தாமதம். வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்திருக்கிறது.

தறிக் கூலி இன்னும் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த நிலைமையில் அக்கா ஜெபக் கூட்டத்தில் ஊழியர் பேச்சைக் கேட்டு, பல மடங்காகத் திரும்பி வரும் என்று வளையலைக் கழற்றி 'விதைப்புக் காணிக்கை' போட்டுவிட்டார் என்று படித்ததும் வயிறு எரிந்தது.

அந்த ஊழியர் காட்டியது 3 யோவான் 2ஆம் வசனம்தானே? "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்பது. மூப்பர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர் தன் அன்புக்குரிய காயுவுக்கு எழுதும்போது முதலில் வைத்த நல விசாரிப்பு அது. நாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிற மாதிரி. அதிலிருந்து பத்தாயிரம் விதைத்தால் லட்சம் அறுக்கலாம் என்று எப்படித்தான் போய்ச் சேருகிறார்களோ! அதே கடிதத்தில் ஐந்து வசனம் தள்ளிப் படித்துப் பார். ஊர் ஊராகப் போன ஊழியர்கள் புறஜாதியாரிடம் ஒன்றும் வாங்காமல் புறப்பட்டார்கள் என்று இருக்கிறது. இன்னும் இரண்டு வசனம் தள்ளினால் சபையில் முதன்மை தேடுகிற தியோத்திரேப்பு வருகிறான். கூட்டத்தில் இதையெல்லாம் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

ஆதிச் சபைக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. 'டிடாக்கே' என்று ஒரு பழைய சபை ஒழுங்கு நூல், 1873இல் கான்ஸ்டான்டினோப்பிளில் அதன் கையெழுத்துப் படி கிடைத்தது. வருகிற ஊழியர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. (மூன்று நாள் கன்வென்ஷன் போடுகிற நம் ஆட்களும் மாட்டுவார்கள், அதை விடு.) ஆவியில் பேசுகிறேன் என்று பணம் கேட்டால் செவிகொடுக்காதே; இல்லாதவர்களுக்குக் கொடு என்று சொன்னால் அவரைக் குற்றம் சொல்லாதே என்றும் அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான்.

"அவர் சொன்னது அப்படியே நடந்ததே" என்று அக்கா கேட்பார். உபாகமம் 13ஆம் அதிகாரத்தைக் காட்டு. தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் நடந்தாலும், அவன் வேறு தேவர்கள் பக்கம் இழுத்தால் கேட்காதே என்கிறது. பணத்தின் பக்கம் இழுப்பதும் அப்படித்தான்; உலகப்பொருளும் ஓர் எஜமான்தான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஒன்று. நம்மைப் போல ஈரோட்டு சி.எஸ்.ஐ. பிரப் தேவாலயத்தில் திடப்படுத்தல் வாங்கி அமைதியான ஆராதனைக்குப் பழகினவர்களுக்கு, கைதட்டிப் பாடினாலே கள்ள உபதேசம் என்று முத்திரை குத்துகிற புத்தி உண்டு. சத்தமாக ஜெபிப்பது ஒரு குற்றமா? அக்காவிடம் அந்தப் பக்கமே போகாதே, சண்டைதான் மிஞ்சும். 3 யோவான் ஒரே அதிகாரம்தான். அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லு, நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். போதும். காணிக்கைக்கு ரசீது உண்டா என்பதை மட்டும் நீயே விசாரித்து வை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பல்லடம் பஸ் ஏறுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். நான் வரும்வரை வளையல் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
சாலமோன்