தாத்தாவும் கைபேசியும்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளின் கைபேசிப் பழக்கத்தைக் கண்டிப்போடு கட்டுப்படுத்த வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் படித்தேன். கண்டிப்பு தேவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் பிடுங்கி வைப்பதைவிட, கேள்வியோடு வரும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதுதான் கடினம். அதைத்தான் நாம் தட்டிக்கழிக்கிறோம். ஏழாவது படிக்கும் என் மகள், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை உயரம், காற்று முன்னறிவிப்பைக் கைபேசியில் தினமும் பார்ப்பாள். அவள் தாத்தாவோ விடியுமுன் கரையில் நின்று ‘கச்சான் தூக்குது, வல்லத்தை இறக்காதே’ என்பார் (கச்சான் மேற்கிலிருந்து வீசும் காற்று, வல்லம் நாட்டுப்படகு). கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ‘போன் சொன்னது’, ‘தாத்தா சொன்னது’ என இருவர் வாக்கையும் அவள் எழுதி வருகிறாள். தாத்தாவின் கணிப்பு தவறிய நாளுக்குச் சிவப்பு மையில் சுழி! (அவர் அதற்குக் கோபித்துக்கொண்டது தனிக்கதை.) வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயருண்டு என்பதே அந்த நோட்டால்தான் அவளுக்குத் தெரிந்தது.

எங்கள் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அப்பாக்களும் பிள்ளைகளும் ஒருசேர வீட்டில் இருக்கும் காலம் அதுவே. பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களின் நூலகங்களில் வாரம் ஒரு மாலை இருவரையும் சேர்த்து உட்காரவைக்கலாம். பிள்ளைகள் முன்னறிவிப்பைப் படித்துக் காட்டட்டும், பெரியவர்கள் ஜிபிஎஸ் கருவியையும் காற்றின் குணத்தையும் சொல்லித்தரட்டும். மாவட்ட நிர்வாகம் வரும் தடைக்காலத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகி, பாம்பன்