லாரி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னவர்களுக்கு

வணக்கம்.

இதை நான் இரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். வேலை ஓயட்டும் என்று தள்ளிப்போட்டேன், அது ஓய்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் நடுவிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் ஏற்பாடு செய்கிற ஒரு சின்னக் குழுவில் நான் இருக்கிறேன். லாரியிலிருந்து தண்ணீர் இறக்கும்போது எடுத்த படங்களில் எங்கள் முகம் இருக்கும். வீட்டை விட்டு வந்தவர்கள் எங்கே, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த லாரி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னவர்களின் முகம் ஒரு படத்திலும் இல்லை. இந்த மடல் அவர்களுக்கு. பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் யார் எங்கே தகவல் கொடுத்தார் என்று வெளியே சொல்லக் கூடாது என்பதை நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், எனவே பெயர் இல்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் கூத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் நன்றி எதற்கு என்று மற்றவர்களுக்குப் புரியும். முதல் வாரம் எங்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் 600 பேர் தங்கியிருப்பதாக அதில் போட்டிருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்துத் தரும் சர்வதேச ஸ்பியர் கையேடு சொல்லும் அளவு, 600 பேருக்கு 9,000 லிட்டர். கணக்குப் போட்டோம், லாரி பிடித்தோம், சேற்றில் மாட்டி, தள்ளி, ஒருவழியாக நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் மூன்று குடும்பங்கள் இருந்தன. மற்றவர்கள் போய் நாலு நாள் ஆகிவிட்டதாம். பட்டியல் பொய்யில்லை, எழுதிய அன்றைக்கு அது நிஜம். கூரை ஒழுகுகிறது, குழந்தைகளுக்குக் காய்ச்சல், எத்தனை நாள் வகுப்பறைத் தரையில் படுப்பது என்று ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வந்த வழியில் இருந்த ஊர்களில்தான் அவர்கள் இருந்தார்கள், அவர்களைத் தாண்டித்தான் லாரி போயிருக்கிறது.

முகாமில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர் தெரிய மாட்டார், வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் ஒரு வீடு. ஐந்து பேருக்கு இருந்த கழிப்பறையைப் பதினான்கு பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும். உள்ளே போய்க் கேட்டது நீங்கள்.

கணக்கெடுக்கப் போன இளைஞர்களுக்கு முதல் நன்றி. நான் ஒரே ஒரு நாள் உங்களுடன் வந்தேன், அன்றைக்கே கால் கழன்றுவிட்டது. டேப்லெட்டை பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தீர்கள், மழை விட்டதும் வெயில் அடித்துத் திரையில் ஒன்றும் தெரியாமல், உங்களில் ஒருவர் தலைமேல் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்து படிவத்தை நிரப்பினார். ஜிபிஎஸ் காட்டும் பிழை தூரம் இறங்குவதற்காக அசையாமல் நிற்பதை முதன்முதலாகப் பார்த்தேன். 40 மீட்டர், 28, 17, கடைசியில் 8. "இப்ப ஓகே" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். 40 மீட்டரிலேயே அழுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் புள்ளி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும், பாலம் உடைந்த ஊரில் அந்தப் பக்கம் என்றால் வேறு உலகம்.

அப்புறம், நீங்கள் கேட்ட கேள்விகள். எத்தனை குடும்பம், எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, என்ன காரணம், திரும்பிப் போகும் எண்ணம் உண்டா என்பதோடு நிற்கவில்லை. குழாய் எவ்வளவு தூரம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி வழியில் வெளிச்சம் இருக்கிறதா. தாழ்ப்பாள் பற்றிய அந்த ஒரு கேள்வியால் நாங்கள் ஒரு பெட்டி நிறையத் தாழ்ப்பாள் வாங்கினோம். கழிப்பறை கட்டி முடித்து எண்ணிக்கையும் காட்டியாகிவிட்டது, பெண்கள் ஏன் இன்னும் இருட்டியதும் வெளியே போகிறார்கள் என்று குழம்பிக்கொண்டிருந்தோம். பதில் அந்தப் படிவத்தில் இருந்தது.

கைப்பேசி சிக்னலை வைத்தே எல்லாம் கண்டுபிடித்துவிடலாமே என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அதுவும் உதவும்தான், நான் மறுக்கவில்லை. 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு சிம் கார்டுகளின் நகர்வை வைத்து, தலைநகரிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய 6,30,000 பேர் வெளியேறியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் எந்தக் கோபுரமும் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று சொல்லாது. போன் இல்லாத பாட்டியும் அதில் வர மாட்டார்.

அடுத்தது ஊர்களில் எங்களுக்குத் தகவல் தந்தவர்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், செவிலியர், ஊர்ப் பெரியவர், கடைக்காரர், எல்லோருக்கும் அவரவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது. அதில் ஒரு அம்மாவை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அவர் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றில் வீட்டுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார். வந்து தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் பென்சிலால் ஒரு குத்துக்கோடு. குழந்தை என்றால் கோடு பாதி உயரம். யாராவது கிளம்பிப் போனால் அழிப்பதில்லை, கோட்டின் மேல் ஒரு குறுக்குக்கோடு, பக்கத்தில் தேதி. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டதற்கு, "அழிச்சிட்டா அவங்க வந்ததே இல்லாத மாதிரி ஆயிடுமே" என்றார். வந்தவர், போனவர், தேதி என்று நாங்கள் எக்செலில் தனித்தனிப் பத்தி போட்டுச் சொல்லிக்கொடுக்க நினைத்தது அவ்வளவும் அந்த நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் ஒருவர் 90 என்றார், இன்னொருவர் 430 என்றார். ஒருவர் குடும்பங்களைச் சொன்னார், மற்றவர் தலைகளைச் சொன்னார் என்பது புரிய எங்களுக்கு அரை நாள் ஆனது. இன்னொரு இடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரும் ஒரே முப்பது குடும்பத்தைத் தங்கள் ஊர்க் கணக்கில் சேர்த்திருந்தார்கள், ஏனென்றால் அந்தக் குடும்பங்கள் பகலில் ஒரு ஊரிலும் ராத்திரி இன்னொரு ஊரிலும் இருந்தன. எண்ணிக்கை கூடினால் உதவி கூட வரும் என்று கொஞ்சம் ஏற்றிச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஒரே கேள்வியை இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, பிறகு கண்ணால் பார்த்து, ஒத்துவராததை முகம் சுளிக்காமல் மறுபடி போய்க் கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்த வரி.

பிரிவுச் சாலையில் நாள் முழுக்க நின்று போகிறவர் வருகிறவரை எண்ணியவர்களுக்கு ஒரு தனிக் கும்பிடு. ப்ளோ மானிட்டரிங் என்று பெயர் மட்டும் கம்பீரமாக இருக்கும், செய்வது என்னவோ தூசியில் நின்று வண்டியை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்பதுதான். அந்த எண்ணை நான் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு வாரத்தில் இத்தனை ஆயிரம் பேர் வெளியேறிவிட்டார்கள் என்று மேலே ஒரு அறிக்கை அனுப்பிவிட்டேன். அது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, கடந்த தடவைகளின் எண்ணிக்கை, காலையில் வீட்டைக் கழுவப் போய் மாலையில் திரும்புகிறவர் தினமும் இரண்டு தடவை கடக்கிறார் என்று உங்களில் ஒருவர் பொறுமையாக எனக்குப் புரியவைத்தார். அறிக்கையைத் திரும்ப வாங்கியது கொஞ்சம் வெட்கக்கேடுதான், பரவாயில்லை.

உலகக் கணக்கிலும் இதே குழப்பம் நடக்கிறது. ஐடிஎம்சி என்ற கண்காணிப்பு மையத்தின் கணக்குப்படி 2024 முடிவில் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 8.34 கோடிப் பேர். அதே ஆண்டில் பேரிடர்களால் நடந்த இடப்பெயர்வுகள் மட்டும் 4.58 கோடி, ஆனால் ஆண்டு முடிவில் பேரிடரால் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்கள் 98 லட்சம்தான். 4.58 கோடி என்பது நகர்வு, 98 லட்சம் என்பது ஆள். ஒருவர் மூன்று தடவை ஓடினால் மூன்று நகர்வு. இரண்டையும் கலந்து தலைப்புப் போடுகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கிறது. எல்லையைத் தாண்டாதவர்களையும் அகதிகள் என்று எழுதுவது இன்னொரு கதை, உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி 1998இல் ஐநா வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே அந்த வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. சரி, அது வேறு சண்டை.

நீங்கள் பயன்படுத்திய முறைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டிஸ்பிளேஸ்மென்ட் டிராக்கிங் மேட்ரிக்ஸ், சுருக்கமாக டிடிஎம், சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 2004இல் ஈராக்கில் உள்நாட்டு இடப்பெயர்வைக் கவனிப்பதற்காக ஆரம்பித்தது. ஒரு தடவை எண்ணிவிட்டு மூட்டை கட்டுவது கிடையாது, குறிப்பிட்ட இடைவெளியில் அதே இடங்களுக்கு அதே கேள்விகளோடு திரும்பத் திரும்பப் போவதுதான் அதன் சூட்சுமம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஒரு இடத்தில் ஆள் குறைந்தால், எங்கே கூடியது என்று தேட முடியும். எங்கள் பள்ளிக்கூடப் பட்டியலில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது சுற்றுதான்.

ராத்திரி உட்கார்ந்து தகவலைச் சுத்தம் செய்தவர்களை யாரும் நினைப்பதே இல்லை. ஒரே ஊரின் பெயர் ஆறு விதமாக எழுதப்பட்டிருந்ததே, ஊருக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து ஆறையும் ஒன்றாக்கினீர்கள். ஒரு குடும்பத்தில் 55 பேர் என்று இருந்ததைப் பார்த்து, அது விரல் தவறி இரண்டு தடவை அழுத்திய 5 என்று ஊகித்துவிடாமல், மறுநாள் போன் போட்டுக் கேட்டுத் திருத்தினீர்கள். அந்தத் தகவலை வைத்து நீங்கள் போட்ட வரைபடத்தைச் சுவரில் ஒட்டியபோது எங்கள் குழுவில் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. நாங்கள் தண்ணீர் கொடுத்த இடங்கள் ஒரு மூலையில், ஆட்கள் இருந்த இடங்கள் இன்னொரு மூலையில். அன்று மாலையே மூன்று லாரிகளின் வழியை மாற்றினோம். பிறகு 20 பேருக்கு ஒரு கழிப்பறை, 250 பேருக்கு ஒரு குழாய் என்ற கணக்கு முதல் தடவையாக அர்த்தத்தோடு போடப்பட்டது, ஏனென்றால் வகுக்க வேண்டிய எண் கையில் இருந்தது.

உங்களில் ஒருவரிடம் நான் மன்னிப்பும் கேட்க வேண்டும். குடும்பத் தலைவர்களின் பெயரும் போன் எண்ணும் அடங்கிய கோப்பைக் கேட்டேன், தர மறுத்தீர்கள். அவசரம் என்று கத்தினேன். "தண்ணி விட பேரு எதுக்கு?" என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். எனக்குத் தேவைப்பட்டது இடமும் எண்ணிக்கையும், அவை இரண்டும் ஏற்கெனவே என்னிடம் இருந்தன. வெள்ளத்தில் ஓடியவர்களுக்கு நடுவே வேறு பயத்துக்காக ஓடி வந்தவர்களும் இருப்பார்கள், அவர்கள் இருக்கும் இடம் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நீங்கள் யோசித்திருந்தீர்கள்.

டிரைவர் அண்ணன்களுக்கு: எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதில் உங்கள் பேச்சு எந்த வரைபடத்தையும்விடப் புதுசாக இருந்தது. நீங்கள் சொல்வதையும் எழுதி வைக்க ஒரு கட்டம் அடுத்த படிவத்தில் சேர்ந்திருக்கிறது.

கடைசியாக, பதில் சொன்ன குடும்பங்கள். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். "போன வாரமும் ஒருத்தர் வந்து இதையேதான் கேட்டார், ஒண்ணும் வரல" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஒரே வீட்டுக்கு மூன்று அமைப்புகள் மூன்று படிவத்தோடு வந்திருக்கிறோம், எங்களையும் சேர்த்து. இப்போது ஒரே படிவம், ஒரே ஆள் என்று பேசி முடித்திருக்கிறோம். கிடைத்த தகவலை வைத்து என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை என்று அந்தந்த ஊருக்கே போய்ச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தோம். பதினொரு ஊரில் சொல்லியாயிற்று, இரண்டு ஊர் பாக்கி. அவற்றில் ஒன்றில் செய்யாததன் பட்டியல்தான் நீளம், அதையும் நேரிலேயே வந்து சொல்கிறேன்.

அடுத்த சுற்று திங்கட்கிழமை தொடங்குகிறது. திரும்பிப் போனவர்களை இந்தத் தடவை அவர்கள் சொந்த ஊரிலேயே போய்ப் பார்க்கிறோம், வீடு திரும்பியாயிற்று என்பதாலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. நோட்டு அம்மாவுக்குப் பக்கங்கள் தீர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அட்டையின் உள்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாராம். இரண்டு நோட்டும் ஒரு பெட்டி பென்சிலும் திங்கட்கிழமை வண்டியில் வருகிறது. அம்மா, பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.