மைதானத்துக் காளான்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை காலை நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டிபன் பாக்ஸ் மூடியில் ஏழெட்டுக் காளான்களை ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்துப் புல்லில் பறித்ததாம். "அப்பத்தா குழம்பு வச்சுத் தரும் சார்" என்றாள். வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒன்றின் தண்டை நீக்கிவிட்டு, குடையை அதன் அடியில் உள்ள மடிப்புகள் கீழே படும்படி வெள்ளைத்தாளில் வைத்து, டம்ளரால் மூடினேன். மறுநாள் காலையில் தாளில் பச்சைப் பொடி கோடு கோடாகப் படிந்திருந்தது. அந்தப் பச்சைப் பொடிதான் அடையாளம்; சாப்பிட்டால் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும் இனம் அது. பிஞ்சில் அடிமடிப்பும் வெள்ளையாகவே இருப்பதால் எளிதில் ஏமாந்துவிடுவோம்.

அப்பத்தாக்களை நான் குறை சொல்லவில்லை. புற்றுக் காளான் எடுக்கத் தெரிந்தவர்கள் மண்ணைக் கிளறி, புற்றுக்குள் வேர் போல இறங்கும் நீண்ட அடியைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் கிள்ளி வருவதோ வெறும் குடை. கொடிய நஞ்சுள்ள சில காளான்களுக்கு அடித்தண்டில் முட்டை ஓடு போல ஓர் உறை இருக்கும். கிள்ளினால் அது மண்ணிலேயே தங்கிவிடும்.

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்ற பேச்சையெல்லாம் நம்ப வேண்டாம். வேறு சில கொடிய காளான்களில் உள்ள, ஈரலைக் கெடுக்கும் அமாடாக்ஸின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாமல் இருந்து, அப்புறம் வாந்தி பேதி தொடங்கும். பிறகு சரியானதுபோல் தோன்றும் நாளில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் சந்தேகமான காளானை யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானையும் குழம்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தொட்டதற்குப் பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் கடையில் பால் காளானோ சிப்பிக் காளானோ வாங்கிச் சமையுங்கள்.

மழைக்காலம் முடியும்வரை தினமும் முதல் மணிக்கு முன் மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, முளைத்ததைப் பிடுங்கிவிடுகிறோம். அந்தப் பச்சைத் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது பாருங்கள். அப்பத்தாவையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்