கடிதம்: திராட்சையை உடனே தின்றுவிட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று மே 12, நர்ஸ்கள் தினம். விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம், கேக் வெட்டினோம். நீங்கள் எப்போதும் நிற்கிற இரண்டாவது வரிசை ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நின்றாள். நீங்கள் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நர்ஸ்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, அதாவது மூச்சையும் இந்த நிமிடத்தையும் கவனிக்கப் பழக்கும் வகுப்பு, எடுக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அன்று நம்மை உட்கார வைத்த அதே வகுப்புதான். இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, நேற்று சாயங்காலம் சரி என்று சொல்லிவிட்டேன். வேறு யாரும் சொல்லி இது உங்கள் காதுக்கு வரக்கூடாது.

நம்மோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் மருத்துவமனையின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. ஆறாம் பெட்டைப் பற்றியும் எழுத மாட்டேன். பெட் நம்பர் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, பேர் சொல்லித்தான் கூப்பிடுவீர்கள். ஆனால் அந்தப் பையனின் அம்மா எங்கேயோ இருக்கிறார். இந்த ஒரு தடவை நம்பரோடு விட்டுவிடுகிறேன்.

அந்தக் காலை மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது. ஹேண்டோவர் முடியும்போது எட்டே முக்கால். நைட் டியூட்டி பார்த்தவர்களும் வந்து கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று செமினார் ஹாலில் உட்கார வைத்தார்கள். வகுப்பெடுக்க வந்த பெண் நல்ல பெண், அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லார் உள்ளங்கையிலும் ஒரு உலர்ந்த திராட்சையை வைத்தாள். முதல்முறை பார்ப்பதுபோலப் பாருங்கள், சுருக்கங்களைப் பாருங்கள், மோந்து பாருங்கள், உதட்டில் வையுங்கள், இன்னும் கடிக்காதீர்கள் என்றாள். நான் சொன்னபடி செய்தேன். பக்கத்தில் திரும்பினால் உங்கள் கை காலியாக இருந்தது. நகக்கண்ணில் கிளவுஸ் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"சிஸ்டர், உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"பசிக்குதும்மா. ராத்திரி சாப்பிடல" என்றீர்கள்.

ஹால் முழுக்கச் சிரித்தது. நீங்கள் ஏன் சாப்பிடவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ராத்திரி மூன்று மணிக்கு உங்களோடு நின்று டியூப் எடுத்தவள் நான். நானும் சிரித்தேன் அக்கா.

அப்புறம் பத்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார்கள். பாதியில் எழுந்து வெளியே போனீர்கள். பின்னாலேயே வந்தேன். "கண்ண மூடினா மானிட்டர் சத்தம் கேக்குது" என்றீர்கள். பத்து நிமிடத்துக்கு முன் கற்றுக்கொண்டதை உங்களுக்கே நான் சொல்லிக்கொடுத்தேன்: "மூச்ச கவனிங்க, போகப் போகப் பழகிடும்." அடுத்த வாரம் மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டு உங்களைப் பற்றிக் கேட்டபோது, "அவங்களுக்கு இதுல ஈடுபாடு இல்ல" என்றேன். அந்த ஒரு வாக்கியம் எந்த ஃபைலுக்குள் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

அப்போது என் பான்ட், இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், முடியவில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில் இருந்தது. தம்பிக்குக் கடைசி வருடப் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கிறது. சாக்குத்தான். ஆனால் நடந்ததும் அதுதான்.

நீங்கள் போனபிறகு சொந்தக் காசு கட்டி முழுப் பயிற்சிக்குப் போனேன். 1979-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர் ஆரம்பித்தது அது. எந்த வைத்தியத்திலும் தீராமல் வருடக்கணக்காக வலியோடு இருந்தவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. நமக்கு அதை ஒரே காலையில், தூக்கம் கெட்ட கண்களோடு, ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

அங்கே போய்த்தான் இன்னொன்று தெரிந்தது. மனதில் அடி புதிதாகப் பட்டவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாதாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், எழுந்து போகலாம். எழுந்து போனது நீங்கள் செய்த தப்பு இல்லை.

அமெரிக்காவிலேயே ரோச்செஸ்டர் என்ற ஊரில் எழுபது டாக்டர்களுக்கு இதே மாதிரி ஒரு பயிற்சி கொடுத்து 2009-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வாரம், அப்புறம் பத்து மாதம் மாதத்துக்கு ஒருமுறை. அவர்களுடைய சோர்வு குறைந்தது. அவர்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. நோயாளிகளோடு தங்களுக்கு நேர்ந்ததை ஒருவருக்கொருவர் சொன்னார்கள், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களை யாருமே சொல்ல விடவில்லையே.

ஆனால் நீங்களும் ஒன்று செய்தீர்கள். ஊசி போட வெயின் எடுக்க என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள். குரூப்பிலிருந்து வெளியேறினார் என்ற அந்த ஒரு வரியில்தான் எனக்கே தெரிந்தது. பதினோரு நாள் உங்கள் டியூட்டியையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். ஒன்பதாவது நாள் மருந்து அளவை மாற்றி எடுத்து, ஊசி போடுவதற்கு முன் கவனித்து நிறுத்தினேன். சிங்க் பக்கத்தில் நின்று கை நடுங்கினேன். என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. அன்று எனக்கு மூன்று பேர். அந்த ராத்திரி உங்களுக்கும் மூன்று பேர்தான். தெரியும். தெரிந்தும் கோபமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஆறாம் பெட்டைப் பற்றி எழுத மாட்டேன் என்றேன். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் அவன் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றீர்கள். கீழே கேஷுவாலிட்டியில் பெட்டுக்கு ஆள் காத்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வர்ஜீனியாவில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ், ஒருவர் இறந்ததும் சுற்றியுள்ள எல்லாரையும் கொஞ்ச நேரம் மௌனமாக நிற்கச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்ததாகப் பின்னால் படித்தேன். நீங்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளாமலே நின்றீர்கள்.

சரி என்று சொல்வதற்கு முன் சிலதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். டியூட்டி நேரத்தில்தான் வகுப்பு. நைட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். கையெழுத்து கிடையாது. யார் என்ன பேசினார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கக்கூடாது. இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். ஆள் போடச் சொல்லியும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தேன், அதற்குப் பதில் வரவில்லை. வகுப்பு எடுத்தால் ஆள் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வராது. ஆனால் ஒவ்வொரு தடவை கை கழுவும்போதும் அந்த இருபது விநாடி நான் தண்ணீரை மட்டும் கவனிக்கிறேன். அந்தப் பதினோரு நாளில் இது தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருக்கும்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. முதலில் டீயும் பன்னும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். திராட்சை அதற்கு அப்புறம்தான்.

உங்கள் கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது, பேர் எழுதி ஒட்டின பிளாஸ்டரோடு. முகவரி அனுப்பினால் கூரியரில் போடுகிறேன். அனுப்பாவிட்டால் நானே வைத்துக்கொள்வேன். என்னுடையது மழுங்கிவிட்டது.

உங்கள் தங்கச்சி