டொமைன் பெயர் முதலீட்டாளரின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை, வாங்கி விற்பவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2019-இல் வாய்ஸ் டாட் காம் என்ற பெயர் 3 கோடி அமெரிக்க டாலருக்குக் கைமாறியதை முன்வைத்து, இத்தொழிலை அதிர்ஷ்டக் குலுக்கல் என்றும், பிறருடைய பெயரை முந்திக்கொண்டு பதிந்து பணம் பறிக்கும் வேலை என்றும் அக்கட்டுரை சித்திரித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்பெயர்களில் முதலீடு செய்துகொண்டே இத்தொழிலைப் பற்றிய இதழ்களையும் நடத்தி, முதலீட்டாளராகவும் பதிப்பாளராகவும் ஒருசேர இயங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதன்மையான வருத்தம்.

ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னத்தைப் பதிந்துவைத்துக்கொண்டு அந்த நிறுவனத்திடமே விலை பேசுபவரையும், அகராதியிலுள்ள பொதுச்சொல்லைப் பதிந்துவைப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் ஏற்றுக்கொண்ட தகராறுத் தீர்வு விதிகளின்படி, பெயர் தன் வணிகச் சின்னத்தோடு குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை ஏதுமில்லை, தீய நோக்கத்துடனேயே அது பதியப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது ஆகிய மூன்றையும் முறையிடுபவர் நிரூபித்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் முறையீடு தள்ளுபடியாகிவிடும்.

குலுக்கல் என்பதும் பொருந்தாது. பதிவுக்குக் கட்டணமே இல்லாதிருந்த காலம் 1995-இல் முடிந்துபோனது. ஆயிரம் பெயர்களை வைத்திருப்பவர், விற்றாலும் விற்காவிட்டாலும், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் புதுப்பித்தல் கட்டணம் செலுத்தியாக வேண்டும். எதைத் தக்கவைப்பது, எதைக் கைவிடுவது என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். கைவிடப்பட்ட டாட் காம் பெயர் பழைய உரிமையாளர் திரும்பப் பெறக்கூடிய 30 நாள் மீட்புக் காலத்தையும் அதன்பின் பதிவேட்டிலிருந்து நீக்கப்படக் காத்திருக்கும் 5 நாள் நீக்கக் காலத்தையும் கடந்து பொதுவுக்கு வரும் நொடியில் அதைப் பதிய எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

இனி பதிப்பாளர் வேலைக்கு வருகிறேன். டொமைன் விற்பனைகளில் பெரும்பாலானவற்றின் விலை வெளியே வருவதில்லை. கட்டுரை சுட்டிய 3 கோடி டாலர்கூட, விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்து தானே அறிவித்ததால்தான் உலகுக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட மூடிய சந்தையில், 2003-இல் தொடங்கப்பட்ட டிஎன் ஜர்னல் போன்ற இதழ்கள் விற்பனை விலைகளைத் திரட்டிப் பட்டியலிட்டதால், ஒரே ஒரு பெயரை வைத்திருக்கும் சாதாரண மனிதரும் தம்மிடம் கேட்கப்படும் விலை அடிமாட்டு விலையா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. திருடப்பட்ட பெயர்களை அம்பலப்படுத்தும் வேலையையும் இத்தகைய பதிப்பாளர்களில் பலர் விடாமல் செய்கிறார்கள். அதன் அருமையை உணர, அமெரிக்கத் தொழில்முனைவர் கேரி கிரெமன் 1994-இல் பதிந்த செக்ஸ் டாட் காம் என்ற பெயர் மறு ஆண்டே ஒரு போலிக் கடிதத்தால் பறிபோனதையும், டொமைன் பெயரும் ஒருவரது சொத்தே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்ததையும் நினைத்துப் பார்த்தால் போதும்.

கட்டுரையாளர் உண்மையிலேயே குடைந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குறிப்பிட்ட வகைப் பெயர்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று எழுதும் பதிப்பாளரிடமே அவ்வகைப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அவர் எழுத்து அவருடைய சரக்கின் விலையையே ஏற்றலாம். தம்மிடம் உள்ளவற்றை அவர் வாசகரிடம் அறிவிக்கிறாரா, தமக்குப் பாதகமான விற்பனை விலையையும் அதே இடத்தில் அச்சிடுகிறாரா என்பதைத் தங்கள் இதழ் விசாரித்து எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்