அயினிக் கட்டையும் அரைக் குதிரை மோட்டாரும்

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. முட்டிக்கு உழிச்சல் ஆரம்பித்து நடை கொஞ்சம் சரியாகியிருக்கிறது என்று படித்ததும் உன் மதினியிடம் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். "எண்ணெயை நிறுத்திவிட வேண்டாமென்று எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, பேரன் பள்ளிக்கூடம் போக அழுகிறான், மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை.

மரம் கடைகிற கடைசல் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு. ஆனால் நீ அனுப்பிய படத்தில் இருப்பது வேண்டாம். அதில் பூச்சாடியும் பெரிய கிண்ணமுமாகக் காட்டியிருக்கிறார்கள். கிண்ணம் கடைய மெஷினும் பெரிதாக வேண்டும், தடியும், அதாவது மரமும், பெரிதாக வேண்டும், அது காயும்வரை காத்திருக்க ஆயுசும் வேண்டும். நீ மத்தில் ஆரம்பி. பருப்பு மத்து, பூரிக்கட்டை, பம்பரம், உளிக்குக் கைப்பிடி. எல்லாம் இரண்டு முனைக்கு நடுவே கம்பாகப் பிடித்துக் கடைகிற வேலை. இழை நீளவாக்கில் ஓடுவதால் உளி சுகமாக இறங்கும். கிண்ணத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் இழையின் வெட்டுத் தலைப்பு உளிக்கு எதிரே வரும். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு உளி அங்கேதான் சிக்கிக் கொத்தும்.

மோட்டாருக்கு, கோயம்புத்தூரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறாயே! அரைக் குதிரைத்திறன், ஒற்றை ஃபேஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுவது போதும். மோட்டாரிலும் மெஷினிலும் படிபடியாக இறங்கும் புல்லி போட்டுக்கொள். மூன்று அங்குலப் புல்லியிலிருந்து ஆறு அங்குலத்துக்குப் பெல்ட் மாட்டினால் 720 சுற்று. தலைகீழாக மாட்டினால் 2880. எதற்கு எவ்வளவு வேகம் என்றால் ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ அதனால் பெருக்கு. 6000-க்கும் 9000-க்கும் இடையில் நிற்க வேண்டும். மூன்று அங்குலக் கட்டைக்கு 2000-க்கு மேல் போகலாம். பத்து அங்குலத் தட்டுக்கு 600 முதல் 900-தான். சதுரக் கட்டை உருண்டையாகும்வரை இதையும்விட மெதுவாக ஓட்டுவேன். பயம் என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

தடி விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தேக்கை விட்டுவிடு. விலை கிடக்கட்டும், அதில் மணல்சத்து உண்டு, உளி வாய் சீக்கிரம் மழுங்கும். என்னைக் கேட்டால் பலா இனத்து அயினிதான். வள்ளத்துக்கும் உத்தரத்துக்கும் வாசல்நிலைக்கும் நம் ஆட்கள் அதைத் தேடிப்போனது சும்மா இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மேற்கு மூலையில் நின்ற அயினி வேரோடு சாய்ந்தது உனக்கு நினைவிருக்கும். வீடு எடுத்துக் கட்டும்போது உதவுமென்று மில்லில் அறுத்து மச்சில் அடுக்கியிருந்தேன். வீடு கட்டவில்லை. அந்தப் பலகைகள்தான் இப்போது கட்டை கட்டையாக மெஷினில் ஏறுகின்றன. வைரம் பாய்ந்த பகுதி நல்ல பொன்னிறம், நாள்பட நாள்படக் கருக்கும். வெள்ளைப் பகுதியை நான் எடுப்பதில்லை, பூச்சி அங்கேதான் முதலில் விழும்.

பிலாவும், அதாவது பலாவும், நல்ல தடிதான். பேரனைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தோம். தாய்க் கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்துப் பிலாத் தூண் இருக்கிறதே, எல்லோரும் அதன் கொத்து வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் தூணின் பருமனை அளந்துகொண்டிருந்தேன், கண்ணால்தான். அந்தச் சுற்றளவில் ஒரு பிலாத் தடி நான் போகிற மில்லுக்கு வந்ததே கிடையாது. புளியை மட்டும் தொட்டுவிடாதே. இறைச்சிக் கடைக் கட்டைக்கு அதை ஏன் தேடுகிறார்கள் என்பது உளியை வைத்த உடனே விளங்கிவிடும்.

பச்சைத் தடி கிடைத்தால் இரண்டு காரியம் செய். மரத்தின் நட்டநடு மையம் கட்டைக்குள் வராதபடி பிளந்துகொள். தடி காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருட்டுத் தடியை முழுசாகக் காயவைத்தால் வெடிக்காமல் வேறென்ன செய்யும்? அப்புறம், இரண்டு வெட்டுத் தலைப்பிலும் மெழுகு உருக்கித் தடவு. ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கையில் ஓரம் காய்ந்து கீறிவிடும்.

எங்களுக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஒன்று விட்டுத் தடி கொஞ்சம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். உன் ஊர் மலைக்கு மறைவில் இருக்கிறது, காற்று வறண்டது. இங்கே காய்ந்துபோனது என்று நான் சத்தியம் செய்கிற கட்டை அங்கே வந்து இன்னும் கொஞ்சம் சுருங்கும். மூடி போட்ட செப்பு மாதிரி இறுக்கமாகப் பொருந்த வேண்டிய எதையும் உடனே கடைந்து முடித்துவிடாதே. முக்கால்வாசி கடைந்து, அலமாரியில் ஒன்றிரண்டு மாதம் விட்டு, அப்புறம் கடைசி வெட்டு வெட்டு.

ரப்பர் தடி மலிவாகக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். கிடைக்கும். குலசேகரம் பக்கம் 25, 30 வருஷமாகிப் பால் குறைந்த மரங்களை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெளிறிய தடி, கடைய நன்றாக இருக்கும். ஆனால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். அதனால் போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றித்தான் காயவைப்பார்கள். பம்பரத்துக்கு எடு, அடுக்களைச் சாமானுக்கு வேண்டாம். இதே ரப்பர்தான் மார்த்தாண்டத்துக்காரர்களுக்குத் தேனும் தருகிறது, தெரியுமா? பூவிலிருந்து இல்லை. மாசி, பங்குனியில் துளிர்விடும்போது இலைக்காம்பில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. எனக்குத் தேனைவிட அங்கே கிடைக்கும் மெழுகு முக்கியம். ஒரு பங்கு மெழுகை நாலு பங்கு தேங்காய் எண்ணெயில் உருக்கிக் கலந்து, கடைந்த சாமான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே துணியில் ஒற்றித் தேய்ப்பேன். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, அதனால் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் இறுகும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு.

மினுக்குவதற்குக் கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் தாழை மடல் வைத்திருப்பார்கள். சுழலும் பொம்மைமேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசுகிற சூட்டிலேயே நிறம் ஏற்றி, மடலால் தேய்ப்பார்கள். நானும் கால்வாய்க் கரையில் வெட்டி, முள் சீவிக் காயவைத்திருக்கிறேன். உப்புத்தாளில் வராத மினுக்கம் இதில் வருகிறது.

உளிக்குக் கடையில் செட்டாக வாங்காதே. லாரியின் வில்பட்டையில் உளி அடித்துத் தருகிற கொல்லர் உன் பக்கமும் இருப்பார். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்கு. வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். கடையும்போது உளியின் சாய்வு முதலில் மரத்தில் உரசட்டும், பிறகு கைப்பிடியை மெல்லத் தூக்கு, வாய் தானாகக் கடிக்கும். மத்தின் தலையில் பற்களை மட்டும் மெஷின் செய்யாது. வாளால் கீறி உளியால் கொத்த வேண்டும். உன் மதினி பல் ஆழமாக வேண்டும் என்று கறாராக இருக்கிறாள், பருப்பு மசியாதாம்.

முக்கியமானது ஒன்று. வேஷ்டியோடு மெஷின் பக்கம் போகாதே. தோளில் துண்டு கூடாது, கையுறை கூடவே கூடாது. ஒரு நூல் சிக்கினாலும் கையையும் சேர்த்து இழுத்துவிடும். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் தூசிக்கு மாஸ்க்கும் வாங்கிய பிறகு மோட்டாரைப் பற்றி யோசி.

அயினியில் சின்னக் கட்டைகளாகக் கொஞ்சம் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். தலைப்பில் மெழுகு தடவியிருக்கும், சுரண்டாதே. வெயிலில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. பதிலுக்கு அங்கே படிப் புல்லி ஒரு ஜோடி விசாரித்து எழுது, தண்டு நுழைகிற துளை முக்கால் அங்குலம் இருக்க வேண்டும்.

உன்,
தக்கலைக்காரன்