மருமகளின் தூக்கமும் உன் தூக்கமும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். தொலைபேசியில் நீ "எல்லாம் சரியாக இருக்கிறதுப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய்; அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பொங்கலுக்கு வராததைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அக்காவும் என்னிடம் எதையும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

மருமகள் இரவில் தூங்குகிறாளா? அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த காலமெல்லாம், அவளுக்கு இருக்கும், மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருகிற இந்தப் பைபோலார் நோய்க்கு மாத்திரை வாங்க வந்த குடும்பத்தினர் பலரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: மன எழுச்சி வருவதற்கு முன் தூக்கம் குறைந்தது, குறைந்தும் ஆளுக்குக் களைப்பே தெரியவில்லை. சித்தப்பா விஷயத்திலும் அப்படித்தானே? நடுச்சாமத்தில் எழுந்து சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்தார் என்றால், சித்தி அவரோடு வாதாடிக்கொண்டிருக்க மாட்டாள். விடிந்ததும் மருத்துவரிடம் போய் நிற்பாள். அதனால்தான் அவர் ஓய்வு பெறும் வரை கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுத முடிந்தது. நம் உறவில் இன்றைக்கும் அவருடைய பாத்திரக்கடைக் கதையைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள், அத்தனை வருடம் ஒழுங்காக வேலை பார்த்ததை ஒருவரும் சொல்வதில்லை.

நம்பிக்கையோடு இரு என்று உனக்குப் பலர் சொல்லியிருப்பார்கள், எதை நம்புவது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நோய் ஒருநாள் அடியோடு போய்விடும் என்று நம்பினால், அடுத்த முறை வரும்போது நீ உடைந்துபோவாய். சிகிச்சையை விடாதிருந்தால் ஒருமுறை வந்ததற்கும் மறுமுறை வருவதற்கும் இடையிலான காலம் நீளும், வந்தாலும் முன்கூட்டியே தெரிந்து சிறிதாக முடியும் என்று நம்பு. 1949ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், அவள் சாப்பிடும் லித்தியம் என்ற மருந்து இந்த எழுச்சியை அடக்குவதைப் பற்றி எழுதினார். அதற்குப் பின் எத்தனையோ மருந்துகள் வந்தும் இன்றுவரை அதைக் கைவிடவில்லை. எழுச்சியைத் தடுப்பதோடு, இந்த நோயில் நாம் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற, உயிரை மாய்த்துக்கொள்ளும் அந்த ஆபத்தையும் அது குறைக்கிறது.

ஆனால் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கும் நாளில், முந்தைய இரவு மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகு, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுக்கச் சொல். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடாதே. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தாலும், யாரோ சொன்னார்கள் என்று உப்பைத் திடீரென நிறுத்தினாலும், தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாலும் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கு அம்மா வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக்கைச் சென்ற முறை தலைவலிக்கென்று மருமகள் கேட்டாள்; அது கூடாது, பாராசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் அதிகமாவது, நாக்குக் குழறுவது இவற்றில் ஏதேனும் கண்டால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் பேசு. இதை நான் முன்பே சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

குழந்தை பிறந்தபின் வந்த அந்த முதல் எழுச்சியின்போது நீ நடந்துகொண்ட விதத்தை வெளியே யாரிடமும் சொல்ல முடியாமல் மனத்துக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் நியாயமாகக் கோபப்பட்டால்கூட "மாத்திரை போட்டாயா?" என்று நீ கேட்டதைத் தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன். அவளுடைய முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. நோய் இருப்பவளுக்கும் சாதாரணக் கோபம் வரும், சாதாரணச் சந்தோஷமும் வரும். அவள் படுத்தே கிடக்கும் சோர்வுக் காலத்தைச் சோம்பலென்றும் எண்ணாதே. எழுச்சியைவிட நீண்டு நிற்பதும் ஆளை அதிகம் வாட்டுவதும் அதுதான்.

அவள் தெளிவாக இருக்கும் இந்த நாட்களிலேயே இருவரும் உட்கார்ந்து, மறுபடி வந்தால் எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவெடுப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்திருக்கிறது. நீயாக எழுதி அவளிடம் கையெழுத்து வாங்காதே. பாப்பாவுக்கும் வருமோ என்று நீ உள்ளுக்குள் பயப்படுவது எனக்குத் தெரியும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருவதில்லை. சித்தப்பாவின் பிள்ளைகளைப் பார்.

நீ தூங்குகிறாயா, தம்பி? அவளுடைய தூக்கத்தைக் காவல் காத்து உன்னுடையதை விட்டுவிட்டாய் என்பது உன் குரலிலேயே தெரிகிறது. "இனி முடியாது" என்று ஒருவனுக்குத் தோன்றுவது குற்றமல்ல. தூங்காத மனிதனுக்கு அப்படித்தான் தோன்றும். அந்த நிலையில் குடும்பத்தைப் பற்றிப் பெரிய முடிவு எதையும் எடுக்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. அப்பாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசு, அது அரசின் மனநல உதவி எண். நோயாளிக்கு மட்டுமல்ல, உடனிருப்பவருக்கும் அது உண்டு.

மாசி பிறந்ததும் அம்மா அங்கே வந்து ஒரு மாதம் இருப்பாள். இரவில் பாப்பா அவளோடு படுத்துக்கொள்ளட்டும். மருமகளிடம் கேட்டு, அவளுக்குச் சம்மதமென்றால் எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று எழுது. வேண்டாமென்று நீயாக முடிவு செய்து சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா